பபிள் ரேப் பூச்சியும் அர்ச்சுனன் தபசும்

நோவா என்று ஒருவன். விண்வெளி நிலையம் ஒன்றில் உறைந்து தூங்கிக்கொண்டிருக்கும் கடைசி மனிதர்களுக்குத் தலைவன். அந்த நிலையத்துக்குள் புகுந்துவிட்ட ஒரு பூச்சியின் புழு அவன் மேல் பட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு கையைப் பாக்கெட்டை விட்டு வெளியே எடுக்காமலே நடமாடுகிறான். உத்தரவு போடுகிறான், அதட்டுகிறான், துப்பாக்கியை நீட்டுகிறான், எல்லாம் மற்றக் கையால். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அந்தக் கையை மெல்ல வெளியே எடுத்துப் பார்க்கிறான். பச்சையாக, கொப்புளம் கொப்புளமாக, மனிதக் கையே இல்லாத ஏதோ ஒன்று வருகிறது.

அது பபிள் ரேப். பார்சலில் கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்கச் சுற்றுவோமே, அதே பிளாஸ்டிக் தாள். பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘டாக்டர் ஹூ’ தொடரில் ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’ என்ற கதை இது. 1975 ஜனவரி 25 தொடங்கி பிப்ரவரி 15 வரை, நான்கு சனிக்கிழமைகளில் நான்கு பாகமாக பிபிசியில் வந்தது. சமீபத்தில் நான்கையும் ராத்திரி உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இப்போது எனக்கு பபிள் ரேப் என்றால் என்னவென்று தெரியும். வாரத்துக்கு ரெண்டு கூரியர் வருகிற வீடு எங்களுடையது. தெரிந்தும், நோவா அந்தக் கையை எடுத்தபோது அடிவயிறு கலங்கியது. சின்ன வயதில் கலங்கியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. அது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வேலூரில். சிஎம்சிக்குப் பக்கத்துத் தெருக்களில் மாடியில் அறை கட்டி வாடகைக்கு விடாத வீடு குறைவு. எங்கள் வீட்டு மாடியில் பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் இருக்கும். ஒரு முறை இங்கிலாந்திலிருந்து பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர் ஒருவர் இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பையில் புத்தகம், போர்வை, இரண்டு மூன்று வீடியோ கேசட் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கேயும் இங்கேயும் டிவி ஒளிபரப்பு ஒரே பிஏஎல் முறை என்பதால் அந்தக் கேசட் இங்கே ஓடும். அமெரிக்கக் கேசட்டாக இருந்திருந்தால் அன்றைக்கு வாடகைக்குக் கிடைத்த வீடியோ டெக்கில் ஒழுங்காக ஓடியிருக்காது. இந்தக் கட்டுரையும் இல்லை.

பொங்கல் லீவில் டெக் எடுத்தார்கள். ரஜினி படம் ஒன்று, பக்திப் படம் ஒன்று. இரண்டும் முடிந்து, டெக்கைத் திருப்பிக் கொடுக்க விடியும்வரை நேரம் இருந்ததால் பெரியம்மா மகன் அண்ணன் அந்த இங்கிலீஷ் கேசட்டைப் போட்டார். பெரியவர்கள் படுத்துவிட்டார்கள். நாங்கள் பசங்களும், ஆயா என்று நாங்கள் கூப்பிடும் பாட்டியும்தான் முழித்திருந்தோம். ஆயா செய்யாறு பக்கத்துக் கிராமம். ராத்திரி முழுக்கக் கூத்து பார்த்துப் பழகியவர். நடு ராத்திரியில் யாராவது எதையாவது நடித்துக் காட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் பெரிதாகத் தெரியாது. அண்ணன்தான் அங்கங்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

நோவா கையை வெளியே எடுத்ததும் அண்ணனே பேசவில்லை. ஆயா மட்டும் குனிந்து டிவி கிட்டே போய்ப் பார்த்தார். “அந்தப் பூச்சி அவன் உள்ளாற பூந்துகிச்சு நைனா. அவன் இன்னும் மனுசனாத்தான் கீறான், அதான் அழுவுறான்,” என்றார். அந்தக் கதையைப் பற்றி அதற்குப் பிறகு இங்கிலீஷில் எவ்வளவோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொன்னவரை நான் பார்க்கவில்லை.

எங்களில் யாரும் அதற்கு முன் பபிள் ரேப்பைப் பார்த்ததில்லை. பின்னாளில்தான் தெரிந்தது, 1975இல் இங்கிலாந்திலும் வீட்டில் உட்கார்ந்து பார்த்த பலருக்கு அது புதுசுதான் என்று. அந்த விதத்தில் வேலூர்க் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள், பதினைந்து வருடம் தாமதமாக வந்த முதல் பார்வையாளர்கள்.

தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படுகிற ஒருவர், வேற்றுக் கிரகத்துக்காரர், காலத்திலும் வெளியிலும் பயணம் போகிற ஒரு கப்பல் வைத்திருக்கிறார். கப்பல் வெளியிலிருந்து பார்த்தால் லண்டன் தெருமுனையில் அந்தக் காலத்தில் நின்ற நீல நிறப் போலீஸ் பெட்டி. உள்ளே போனால் பெரிய கூடம். 1963 நவம்பர் 23 அன்று முதல் பாகம் வந்தது. முந்தின நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். அதனால் அடுத்த வாரம் முதல் பாகத்தையே மறுபடி போட்டுவிட்டு இரண்டாவதைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர், இன்னும் இளையவர். அன்றைய பிபிசியில் ஒரு பெண்ணும் ஒரு இந்தியரும் சேர்ந்து தொடங்கிய தொடர் அது என்பதை இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

காசு கிடையாது. அந்தப் போலீஸ் பெட்டியே காசில்லாததன் அடையாளம். கப்பல் போகிற இடத்துக்கு ஏற்றபடி உருவம் மாற்றிக்கொள்ளும் என்பதுதான் யோசனை. வாரத்துக்கு ஒரு புதுக் கப்பல் செய்யக் கட்டுப்படியாகாது. அதனால் உருவம் மாற்றும் கருவி பழுதாகிவிட்டது என்று கதையிலேயே சொல்லிவிட்டார்கள். அறுபது வருடம் தாண்டியும் அந்தப் பழுது முழுசாகச் சரியாகவில்லை. இன்றைக்கு அந்தத் தொடர் என்றாலே அந்தப் பெட்டிதான். கப்பல் கிளம்பும்போது வருகிற அந்த மூச்சிரைப்புச் சத்தம், பிபிசியின் ஒலிக்கூடத்தில் பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் கம்பிகள் மேல் வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பதிவு செய்தது. முகப்பு இசை ரான் கிரைனர் எழுதியது. ஆனால் நாம் கேட்கிற அந்த ஒலியை உண்டாக்கியவர் டெலியா டெர்பிஷயர். சிந்தசைசர் கைக்கு வராத காலம். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, அளந்து வெட்டி, ஒட்டி எடுத்தார். அந்தப் பெண்மணியின் பெயர் 2013இல் வந்த ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் படத்தில்தான் முதல்முறையாகத் திரையில் வந்தது. அவர் இறந்தது 2001. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆரம்ப காலத்தில் டேப்பை வெட்டி ஒட்டுவதற்கே செலவு அதிகம். அதனால் கிட்டத்தட்ட மேடை நாடகம் மாதிரி ஒரே ஓட்டத்தில் நடித்துப் பதிவு செய்தார்கள். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் வசனத்தில் தடுக்கினால் தடுக்கினதுதான், அப்படியே ஒளிபரப்பாகும்.

சரி, ‘ஆர்க்’குக்கு வருகிறேன்.

கதையின் முதல் பாகத்தில், பதிவு செய்த குரல்களை விட்டுவிட்டால், மொத்தம் மூன்றே நடிகர்கள். டாக்டர் வேஷத்தில் நான்காவதாக வந்த டாம் பேக்கர், அவர் கூடப் பயணம் போகிற சாராவாக எலிசபெத் ஸ்லேடன், ஹாரியாக இயன் மார்ட்டர். ஆளில்லாத விண்வெளி நிலையத்தில் மூவரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு அறையில் காற்று தீர்ந்துகொண்டே வருகிறது. இன்னொரு இடத்தில் ஆட்களைச் சுடுகிற தானியங்கிக் கருவி. டாக்டரும் ஹாரியும் மேஜைக்கு அடியில் பதுங்கி அந்த மேஜையையே நகர்த்திக்கொண்டு போகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: ஒரு மேஜை, இரண்டு ஆள், ஒரு விளக்கு வெளிச்சம். இருபத்தைந்து நிமிடம் கண்ணை எடுக்க முடியவில்லை. எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். வேறொருவர் எழுதித் தந்த கதை சரிப்படாமல் போக, தொடரின் கதைப் பொறுப்பாளராக இருந்த அவரே அவசர அவசரமாக முதலிலிருந்து எழுதினார். அவசரத்தில் எழுதினதா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு இறுக்கம்.

செலவைக் குறைக்க அவர்கள் செய்த ஏற்பாடுகளே ஒரு தனிக் கதை. ஆறு பாகமாக வர வேண்டியதை நான்கும் இரண்டுமாகப் பிரித்தார்கள். நான்கு பாகக் கதையை முழுக்க ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்தார்கள். இரண்டு பாகக் கதையை முழுக்க வெளியே, டார்ட்மூர் பொட்டல்வெளியில், ஒரு செட் கூடப் போடாமல் எடுத்தார்கள். இரண்டுக்கும் இயக்குநர் ராட்னி பென்னட். பிறகு ‘ஆர்க்’குக்கு ராஜர் மரே லீச் போட்ட அதே விண்வெளி நிலைய செட்டை அதே வருடம் வந்த இன்னொரு கதைக்கும் பயன்படுத்தினார்கள், அதே நிலையம் வேறு காலத்தில் என்று சொல்லி. டார்ட்மூரில் டாம் பேக்கர் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டு வெளியே தெரியாமல் இருக்க, டாக்டர் வேஷத்தில் கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் அந்த நீளமான சால்வை இருந்தது. படப்பிடிப்பு நிற்கவில்லை.

நான்காம் பாகத்தில் ஒரு இடம். ஒரு குறுகலான குழாய்க்குள் சாரா ஒரு கேபிளை இழுத்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். நிலையத்தில் மின்சாரம் இல்லை; அந்தக் கேபிள் போய்ச் சேர்ந்தால்தான் பூச்சிகளைத் தடுக்க முடியும். மற்ற யாரும் அந்தக் குழாய்க்குள் நுழைய முடியாது, அவ்வளவு சின்னது. கடைசியில் வந்து மாட்டிக்கொள்கிறார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. மூச்சு வாங்குகிறது, அழுகை வருகிறது. குழாயின் மறுமுனையில் இருக்கும் டாக்டர் ஆறுதல் சொல்லாமல் திட்ட ஆரம்பிக்கிறார். உன்னை நம்பினது தப்பு, ஒன்றுக்கும் உதவாதவள், இப்படியே சொல்லிக்கொண்டு போகிறார். சாராவுக்கு ஆத்திரம் பொங்குகிறது. அந்த ஆத்திரத்தில் உடம்பை முறுக்கித் திணித்து வெளியே வந்து விழுகிறார். வந்த பிறகுதான் புரிகிறது, வேண்டுமென்றே திட்டினார் என்று. அங்கே இருப்பது ஒரு குழாய், ஒரு முகம். காட்சியைத் தூக்கி நிறுத்துவது எலிசபெத் ஸ்லேடனின் முகம். பயம் கோபமாக மாறுகிற அந்த நொடியை நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கண்ணில்தான் முதலில் மாறுகிறது, வாய் அப்புறம்தான் வருகிறது.

கேசட்டுக்கும் இப்போது பார்த்ததற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் கேசட்டில் நான்கு பாகத்தையும் ஒட்டி ஒரே படமாக ஆக்கியிருந்தார்கள். பாகம் பாகமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நோவாவின் கை வெளியே வருவது இரண்டாம் பாகத்தின் கடைசி என்று. கை வருகிறது, முகப்பு இசை சீறுகிறது, பெயர்கள் ஓடுகின்றன. அந்தக் கையை மனசில் வைத்துக்கொண்டு அங்கே பிள்ளைகள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறார்கள். அடுத்த பாகத்தில் நோவா தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்சுகிற ஒரு காட்சியும் எடுத்திருக்கிறார்கள்; குழந்தைகள் பார்க்கிற நேரத்துக்கு அது தாங்காது என்று வெட்டிவிட்டார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த பார்சல் தாளைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று ஒரு பெரிய நிறுவனம் பயந்திருக்கிறது. பயந்தது நியாயம்தான்.

நோவாவாக நடித்தவர் கென்டன் மூர். அவர் செய்தது என்ன என்று கவனித்தேன். அவர் கையைக் காட்டுவதில்லை. ஒளிக்கிறார். பாக்கெட்டுக்குள் கை தானாக அசைகிற மாதிரி தோளைக் கொஞ்சம் இறுக்குகிறார். பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை ஒரு நொடி நழுவுகிறது, அவருக்குத் தெரியாத ஒரு நினைவு உள்ளே ஓடுகிற மாதிரி. ஏனென்றால் கதைப்படி அந்தப் பூச்சி தின்கிற ஆளின் அறிவையும் சேர்த்துத் தின்கிறது. வெளியே எடுத்த பிறகு அந்தக் கையோடு அவர் மல்லுக்கட்டுகிறார். நாம் நம்புவது அந்தத் தாளை அல்ல. அவர் அதற்குக் கொடுக்கிற பாரத்தை.

இந்த இடத்தில் எனக்கு ஆயாவின் ஊர் பாரதம் நினைவுக்கு வராமல் இருக்க வழியே இல்லை.

வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் பாரதம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் வெயில் காலத்தில் நாள் கணக்காக நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வேண்டிய சாமான் என்ன? மண்தரை, ஒரு விளக்கு, பின்பாட்டுக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு, நடிகருக்கு ஒரு பெஞ்சு. அதே பெஞ்சுதான் அஸ்தினாபுரத்துச் சிம்மாசனம், அதே பெஞ்சுதான் தேர். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், காதைக் கிழிக்கிற முகவீணை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டின கால் தெரியும். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடுவான். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஊர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். கிரீடமும் தோளில் கட்டும் புஜமும் லேசான கட்டையில் செய்து கண்ணாடித் துண்டு ஒட்டினது. பகலில் பெட்டியில் பார்த்தால் சாயம் போன கட்டை. ராத்திரி அதற்குள் ஒரு ஆள் நின்றுவிட்டால் ராஜா.

அர்ச்சுனன் தபசு அன்று நெட்ட நெடுக ஒரு மரத்தை நட்டிருப்பார்கள். அதுதான் கைலாயம். அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் பாட்டு. உச்சிக்குப் போய் அங்கிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் கீழே ஈரப் புடவையோடு முந்தானை ஏந்தி நிற்பார்கள். அந்த மரம் முந்தா நாள் எங்கே வெட்டினது, யார் தோளில் வந்தது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏந்துகிறார்கள். ஏனென்றால் மேலே ஏறுகிற ஆள் விரதம் இருந்திருக்கிறார், கைலாயத்துக்கு ஏறுகிறவர் மாதிரியே ஏறுகிறார். ஒரு படியைக் கூட மரம் ஏறுகிற மாதிரி ஏற மாட்டார்.

சாமான் குறைவாக இருந்தால் பார்ப்பவர் கற்பனையால் நிரப்பிக்கொள்வார் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பார்ப்பவர் சும்மா நிரப்ப மாட்டார். எதிரே நிற்கிறவர் முதலில் தன் பங்கை முழுசாகக் கொடுக்க வேண்டும். கூச்சமில்லாமல், ‘இது வெறும் கட்டை, எனக்கும் தெரியும்’ என்று கண்ணைச் சிமிட்டாமல் கொடுக்க வேண்டும். கூத்தில் கட்டியக்காரன் என்று ஒரு கோமாளி இருக்கிறானே, அவன் ராஜாவையே கிண்டல் பண்ணுவானே என்று கேட்கலாம். பண்ணுவான். சனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் ராஜா தன்னைக் கிண்டல் பண்ணிக்கொள்ள மாட்டார். கட்டியக்காரனுக்கு அந்த உரிமை இருப்பதே ராஜா ராஜாவாக நிற்பதால்தான். டாம் பேக்கரின் டாக்டரும் பாதி நேரம் கட்டியக்காரன்தான். விளையாட்டாகப் பேசுவார், பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டுவார், சம்பந்தமில்லாத இடத்தில் பல்லைக் காட்டிச் சிரிப்பார். ஆனால் அந்தப் புழுவைப் பார்க்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. அவர் பயந்தால் நாமும் பயப்படுகிறோம்.

இதே தொடர் இந்த விதியை மீறி விழுந்த இடமும் உண்டு. 1979 கடைசியில் ‘தி ஹார்ன்ஸ் ஆஃப் நைமன்’ என்று ஒரு கதை. காளைத் தலை வைத்த அசுரர்கள். வேஷம் ‘ஆர்க்’ பூச்சியைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடிப்பவர்களில் சிலர் அதை நம்பவில்லை. ஒரு முக்கியப் பாத்திரம் சாகிற இடத்தில் நடிகருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த ஒரு சிரிப்பில் நான்கு பாகமும் போயிற்று. நேரமில்லை, காசில்லை என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். 1975இலும் அவை இல்லைதானே.

‘ஆர்க்’கிலும் எல்லாம் கைகூடவில்லை. புழு பயமுறுத்துகிறது, வளர்ந்த பூச்சி பயமுறுத்தவில்லை. உள்ளே ஒரு ஆள் நின்றுகொண்டு குதித்துக் குதித்து வருவது தெரிகிறது. விண்வெளியில் பூச்சிகள் வரிசையாகப் போகிற இடம் எனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. காரணம் பொம்மை அல்ல, அந்தக் காட்சியில் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மனித முகம் இல்லை. 2002இல் டிவிடி போட்டபோது விண்வெளி நிலையத்தின் மாடல் காட்சிகளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் காட்சிகளை வைத்தும் பார்க்கலாம் என்று ஒரு வசதி கொடுத்தார்கள். வைத்துப் பார்த்தேன். 1975 மாடல் இன்றும் ஒரு பொருளாக இருக்கிறது, வெளிச்சம் படுகிறது, நிழல் விழுகிறது. 2002 கிராபிக்ஸ்தான் கிழடு தட்டிக் கிடக்கிறது. உடனே பழையதற்கு மாற்றிவிட்டேன்.

என் மகளும் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தாள். கை வந்ததும், “அப்பா, பபிள் ரேப்!” என்று கத்தினாள். நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. கதை முடிகிறபோது நோவா முழுப் பூச்சியாகிவிட்டான். தன் கூட்டத்தை எல்லாம் ஒரு விண்கலத்தில் ஏற்றிக்கொண்டு போய், அது வெடிக்கும்படி விட்டுவிடுகிறான். தவறிப்போய் வெடித்ததா, உள்ளே மிச்சமிருந்த மனிதன் வேண்டுமென்றே செய்தானா என்பதைக் கதை உரக்கச் சொல்வதில்லை. வெடிப்பதற்கு முன் தனக்கு நிச்சயிக்கப்பட்ட வீரா என்ற பெண்ணிடம் ரேடியோவில் விடைபெறுகிறான். “அவனுக்கு ஞாபகம் இருந்துச்சா அப்பா?” என்று கேட்டாள். இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன் என்றேன். ஆயா இருந்திருந்தால் சந்தேகமே இல்லாமல் சொல்லியிருப்பார்.

இந்தத் தொடரை நேசிக்கிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அறுபது, எழுபதுகளில் பிபிசி பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு வழியும் குறைவு, வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் தோன்றவில்லை. அதில் ஆரம்ப கால டாக்டர் ஹூ பாகங்கள் ஏராளமாகப் போயின. கையில் ஒரு டேப் ரெக்கார்டரோடு டிவி முன் உட்கார்ந்து ஒலியைப் பதிவு செய்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களால் தொலைந்த எல்லாப் பாகங்களுக்கும் ஒலி மட்டுமாவது இன்று இருக்கிறது. ஜான் கூரா என்று ஒரு புகைப்படக்காரர் டிவி ஓடும்போதே திரையைப் படம் பிடித்து விற்பதைத் தொழிலாக வைத்திருந்தார். பல பாகங்கள் எப்படி இருந்தன என்பதற்கு அந்தச் சின்னச் சின்னப் படங்கள்தான் சாட்சி. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற ஃபிலிம் பிரதிகள் அங்கங்கே கிடைத்தன. நைஜீரியாவின் ஜாஸ் நகரத்தில் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டவை ஒன்பது பாகங்கள்.

முதல் டாக்டர் இரண்டாம் டாக்டராக மாறுகிற காட்சி, 1966இல் வந்தது. ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை. தொடரை நிறுத்த மனமில்லை. டாக்டர் செத்துப் போகாமல் உடம்பு மட்டும் மாறும் என்று கதையாக்கி, பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். இத்தனை வருடம் தொடர் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு யோசனைதான் காரணம். அந்தப் பாகமே தொலைந்துவிட்டது. பிள்ளைகள் நிகழ்ச்சி ஒன்றில் அந்தச் சில நொடிகளை எடுத்துப் போட்டிருந்ததால் மாறுகிற காட்சி மட்டும் தப்பியது. ஒரு முகம் வெளிச்சத்தில் கரைந்து இன்னொரு முகமாக வருகிறது. பாரதத்தில் நேற்று ராத்திரி ஒருவர் கட்டின வேஷத்தை இன்று வேறொருவர் கட்டுவார். ஊரில் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கிரீடம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அவன் அர்ச்சுனன்தான். ஆயாவிடம் இதை விளக்கவே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, பல வருடமாக. நோவாவின் கதையைக் கூத்தாக ஆடிப் பார்க்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் வழியில் வந்தவர்கள் பிரெக்ட், மார்க்வெஸ் மாதிரி வெளிநாட்டு எழுத்தாளர்களின் கதைகளையே கூத்தில் ஆடியவர்கள். புதுக் கதை அந்த வடிவத்துக்கு ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. திரைக்குப் பின்னாலிருந்து நோவா பாடிக்கொண்டு வர வேண்டும். திரைக்கு மேலே கிரீடத்துக்குப் பதிலாக அந்தக் கை முதலில் தெரிய வேண்டும். பபிள் ரேப் வேண்டியதில்லை. புங்க இலையைக் கட்டினால் கூடப் போதும், கட்டுகிற ஆள் சரியான ஆளாக இருந்தால்.

பார்க்க நினைப்பவர்கள் ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’ஸிலேயே தொடங்கலாம், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கு பாகத்தையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். ஒரு ராத்திரிக்கு ஒன்று போதும், இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவில் கட்டாயம் ஒரு நாள் விடுங்கள். மூன்றாம் பாகம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் மாற்றின வடிவம் கிடைத்தால் அதை அணைத்துவிட்டுப் பழையதைப் போடுங்கள். அது பிடித்திருந்தால் அடுத்து அதே 1975இல் வந்த ‘ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்’. ஆறு பாகம். சர்ரே பக்கத்தில் ஒரு கல் குவாரியைத்தான் வேற்றுக் கிரகமாகக் காட்டியிருப்பார்கள். காட்பாடிப் பக்கத்து மொட்டை மலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிரகத்தில் வழி தவறாது.